தோசைக்கல் சீட்

ஜனவரி 6, திங்கள்

என் மனைவி மேகலா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் வருடா வருடம் ஒரு டைரி தருவார்கள். போன வருடத்து டைரியைப் பாப்பா யானை வரைந்தே தீர்த்துவிட்டாள். இந்த வருடம் நான் முந்திக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே எழுத விஷயமும் கிடைத்துவிட்டது. எங்கள் கோச் ரகோத்தமன் சாரைத் தூக்கிவிட்டார்கள்.

தூக்காமல் என்ன செய்வார்கள்? ஐந்து ஆட்டம் முடிந்து ஒரே ஒரு வெற்றி. எட்டு அணிகள் ஆடும் கால்பந்து லீக்கில் எங்கள் கலங்கரை எஃப்.சி. எட்டாவது இடம். கடைசியில் முடிக்கிற அணி கீழ் டிவிஷனுக்குப் போகும். அப்படிப் போனால் முதலாளிகள் கிளப்பையே இழுத்து மூடிவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கு வயது முப்பத்து நான்கு. மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு கிளப் என்னைத் தேடிக்கொண்டு வியாசர்பாடிக்கு வரப்போவதில்லை. ஆகவே இந்த இரண்டு மாதத்தில் நான் எப்படி ஆடுகிறேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புது கோச் இன்றைக்கே வந்துவிட்டார். பெயர் கிளீட்டஸ். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். குள்ளமான மனிதர், கழுத்தில் விசில்கூட இல்லை. ரகோத்தமன் சார் மைதானத்துக்குள் காலை வைத்தால் காக்காய்கூடப் பறந்துவிடும். இவர் வந்து உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தது வெகுநேரம் யாருக்கும் தெரியவில்லை.

வரிசையாக நின்று பெயர் சொன்னோம்.

“குணாளன். கோல்கீப்பர், கேப்டன்.”

“கொள்ளாம்.” அவர் ஊர்ப் பேச்சில் ‘நல்லது’. “ஒடம்பு எப்பிடி இருக்கு?”

“நூத்துக்கு நூறு, சார்.”

எங்கள் கிளப்பில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. வலிக்கிறது என்று சொன்னவனை ரகோத்தமன் சார் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்காரவைப்பார். அதற்கடுத்த ஆட்டத்திலும்தான்.

புது கோச் சட்டென்று ஒரு பந்தை என் தலைக்கு மேலே வீசினார். வலது கையால் மட்டும் அப்படியே பறித்தேன். பையன்கள் விசிலடித்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஒரு ‘சபாஷ்’ சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

ஜனவரி 13, திங்கள்

நேற்று கோயம்புத்தூரில் 2-1 தோல்வி. இன்று காலை கிளம்பி, போகிப் புகைக்குள் ஊர் வந்து சேர்ந்தோம்.

எங்கள் பஸ்ஸைப் பற்றி எழுத வேண்டும். பழைய வண்டி. டிரைவர் காசிம் பாய்க்குப் பக்கத்தில் இன்ஜினை மூடிய பெட்டி, அதன்மேல் ரெக்ஸின் உறை. வண்டி ஓட ஓடச் சூடேறும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் தோசைக்கல். தோற்றுப்போன ஆட்டத்தில் யாரால் கோல் விழுந்ததோ அவன் ஊர் திரும்பும்வரை தோசைக்கல்லில் உட்கார வேண்டும். அவனிடம் யாரும் பேசக் கூடாது. ரகோத்தமன் சார் கொண்டுவந்த வழக்கம். யார் உட்கார வேண்டும் என்று கை காட்டுவது கேப்டன் வேலை. ஆறு வருடமாக நான்தான் கை காட்டுகிறேன். நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. கோல்கீப்பருக்கு முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், அத்தனை பேரையும் தாண்டித்தானே பந்து வருகிறது?

நேற்றைய இரண்டாவது கோல், இடது பக்கத்திலிருந்து வந்த கிராஸ். என் இடது கைக்கு மேலே போஸ்ட்டை ஒட்டி உள்ளே போனது. லெஃப்ட் பேக் மாறன் ஆளை விட்டுவிட்டான். காலையில் பஸ் ஏறியதும் அவனைக் கை காட்டினேன். அவனும் பேசாமல் எழுந்து முன்னால் போனான். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவன், சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்து வளர்ந்தவன், எதிர்த்துப் பேச மாட்டான்.

“எங்கலே போற?” என்றார் கோச்.

“தோசைக்கல்லுக்கு சார்.”

அது என்னவென்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் முழுக்கக் கேட்டார்.

“அப்ப நான்லா அதுல இருக்கணும். டீமை எறக்கினது நானு. நீ போயி ஒறங்கு மக்களே.”

சொன்னபடி உட்கார்ந்துவிட்டார். சேலத்தில் டீ குடிக்க இறங்கும்போது பேன்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்து விட்டுக்கொண்டே இறங்கினார். “என்னா சூடுலே இது!” காசிம் பாய்தான் முதலில் சிரித்தார். பையன்கள் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 14, பொங்கல்

மேகலா எனக்கு டி-ஷர்ட் எடுத்திருந்தாள். தலைவழியாக மாட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், பட்டன் வைத்த சட்டையாக மாற்றிக்கொண்டு வா என்றேன். இத்தனை வருடம் டி-ஷர்ட்தானே போட்டாய் என்றாள். வயதாகிறதில்லையா என்றேன். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது, அதனால் பேச்சு அதோடு நின்றது.

ஜனவரி 21, செவ்வாய்

ஞாயிறன்று டிரா. அது பரவாயில்லை. கோச் செய்கிற கூத்துதான் தாங்கவில்லை.

பயிற்சியில் ஒரு புதுச் சட்டம். தப்பு செய்தவனைப் பார்த்து ‘ஏன்டா விட்ட’ என்று யாரும் கேட்கக் கூடாது. “போன பந்து போச்சு. அது வலைக்குள்ள கெடக்கு, ஓடிப்போவாது. அடுத்து எங்க நிக்கணும், யாருக்குப் போடணும், அத மட்டும் சொல்லு.” கேட்டவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். நான் எத்தனை சுற்று ஓடினேன் என்று எழுத மாட்டேன். பதினாறு வயதிலிருந்து நான் கத்திக் கத்தி டிஃபென்ஸை நிறுத்தியவன். கத்தாத கோல்கீப்பர் என்ன கோல்கீப்பர்?

இன்னொரு சட்டம், பஸ்ஸுக்கு. பயிற்சி முடிந்து வட்டமாக உட்காரவைத்துச் சொன்னார்.

“அந்தத் தோசைக்கல்லு இனிமே எனக்க சீட்டு. பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் உண்டு. எங்கிட்ட பேசணும்னா யாரும் வந்து இருக்கலாம். ஒரே ஒரு காரியம். தன்னப் பத்தி மட்டும் பேசணும். அடுத்தவனப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது, கேட்டியளா?”

மிசோரமிலிருந்து வந்த ஸ்ட்ரைக்கர் லால்முவானாவுக்குப் பக்கத்தில் இருந்தவன் இந்தியில் மொழிபெயர்த்தான். லாலுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் தலையாட்டினான். எனக்கு எல்லாம் புரிந்தது, தலையாட்டவில்லை. எவன் தானாகப் போய் அந்தச் சூட்டில் உட்காருவான்?

ஜனவரி 26, ஞாயிறு

1-0. வெற்றி! பாப்பா பள்ளிக்கூடத்தில் கொடுத்த மிட்டாயைத் தின்னாமல் எனக்கு வைத்திருந்தாள்.

பிப்ரவரி 3, திங்கள்

மதுரையில் 1-1. கடைசி இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்துவிட்டோம்.

திரும்பும்போது மாறன் எழுந்து முன்னால் போனான். யாரும் கை காட்டவில்லை, தானாகவே போனான். கோச் பக்கத்தில் உட்கார்ந்து மேலூர் தாண்டும்வரை பேசினான். எனக்குக் காது முழுக்க அங்கேதான். இன்ஜின் சத்தத்தில் ஒரு எழவும் கேட்கவில்லை.

விராலிமலைப் பக்கம் டீக்கு நிறுத்தினோம். மாறன் இரண்டு டம்ளரோடு என்னிடம் வந்தான்.

“ண்ணா, ஒண்ணு சொல்லணும். கோச்சாண்ட சொன்னேன். இத போய் குணாவாண்டயே சொல்லுன்னாரு.”

“இன்னாடா?”

“நீங்க கத்துறீங்கல்ல. அப்போ நான் பந்தப் பாக்குறதில்லண்ணா. உங்களத்தான் பாக்குறேன். எப்ப கத்தப்போறீங்களோன்னு. அந்த கேப்லதான் ஆளு போயிடுறான்.”

டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நின்றான். அடி வாங்கத் தயாரானவன் மாதிரி நின்றான்.

“டீ ஆறிடப்போவுது, குடி” என்றேன்.

கோபம்தான். எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

ஓய்வு நாள். தண்ணி கேன் கொண்டுவந்த ஆளையே ஸ்டாண்டின் மேல் தூக்கி வைக்கச் சொன்னேன். அவன் என் தோளையும் சுவரில் நான் பந்தோடு பாய்கிற போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தான். மாலையில் பூங்காவில் பாப்பா தோளில் ஏற்றச் சொல்லி அடம். வெயில் என்றேன். வெயில் எங்கேப்பா என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாள். பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொந்த மைதானத்தில் 2-0! இரண்டும் லால். என் பக்கம் பந்தே வரவில்லை. மாறன் இன்றைக்கு நின்ற நிற்பு வேறு. நான் கத்தவில்லை. ‘இடது’, ‘பின்னால’, ‘நல்லாருக்கு’, இவ்வளவுதான் சொன்னேன். ‘நல்லாருக்கு’ என்றதும் அவன் திரும்பிப் பார்த்துத் தடுமாறி விழப்போனான்.

பஸ்ஸில் லால் தோசைக்கல்லுக்குப் போனான். அவனுக்குத் தமிழ் வராது, கோச்சுக்கு இந்தி வராது. ஆனாலும் ஸ்டேடியத்திலிருந்து விடுதி வரை இருவரும் விடாமல் பேசினார்கள், இரண்டு தடவை விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று காசிம் பாயிடம் கேட்டேன். “அல்லாவுக்குத்தான் தெரியும் தம்பி” என்றார்.

இப்போதெல்லாம் அந்தச் சீட்டுக்குப் போட்டி. நான் மட்டும் கடைசி வரிசையில்தான். எனக்கு என்னைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

0-1. முடிகிற நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக். இடது மேல் மூலை. கத்திவிட்டேன். மாறனைப் பார்த்து, பெயர் சொல்லி, மொத்த ஸ்டேடியமும் கேட்கிற மாதிரி. சுவராக நின்றவன் குதித்தால் என்ன குறைந்துவிடும்?

அவன் குதித்தான். இதை எழுதத்தான் வேண்டும். குதித்தான், பந்து அவனுக்கும் மேலே போனது.

முன்பெல்லாம் நான் கத்தினால் எல்லோரும் தலை குனிவார்கள். இன்றைக்கு யாரும் குனியவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

கோச் என்னைத் தனியாக நிற்கவைத்துப் பந்து வீசினார். முழுப் பயிற்சியும் வலது பக்கம் மட்டும். ஒன்றுகூட இடது பக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் பிடித்தேன். “கொள்ளாம், கொள்ளாம்” என்றார். மனிதருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வீச வரும் போலிருக்கிறது.

எனக்கு ஏன் அப்படி வியர்த்தது என்று தெரியவில்லை. வெயில் அதிகம்.

பிப்ரவரி 19, புதன்

பாத்ரூமில் தைல பாட்டில் தீர்ந்திருப்பதை மேகலா பார்த்துவிட்டாள். “இது போன வாரம்தானே வாங்கினது?” என்றாள். காலுக்கு என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “எந்தக் காலுக்கு?” நான் எழுந்து பாப்பாவின் ஷூவுக்கு பாலிஷ் போட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

திருச்சியில் நேற்று 2-2. இரண்டு தடவை முன்னால் போய் இரண்டு தடவையும் கோட்டைவிட்டோம். அதில் ஒன்று மறுபடியும் இடது மேல் மூலை. எதிரணிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களும் வீடியோ பார்க்கிறார்கள்.

இன்று தோசைக்கல்லில் இம்தியாஸ். எங்கள் இரண்டாவது கோல்கீப்பர், வாணியம்பாடிப் பையன். சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். என்னோடு தினமும் வார்ம்-அப் செய்கிறவன். கொஞ்ச நேரம்தான் பேசினான். திரும்பி வரும்போது என் கண்ணைப் பார்க்காமல் போனான்.

போட்டுக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்துவிட்டது. சரி, பார்க்கலாம். நாளைக்கு கோச் கூப்பிடுவார்.

பிப்ரவரி 26, புதன்

கூப்பிடவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

அணி அறிவித்தார். கோலில் குணாளன். இம்தியாஸ் வந்து என் கிளவுஸை எடுத்துக் கொடுத்தான். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம், ஏன் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

பெங்களூரில் நேற்று 0-2. இரண்டும் என் இடது பக்கம்.

இன்னும் ஒரே ஆட்டம் பாக்கி. எங்களுக்குக் கீழே இருப்பது மங்களூர் அணி மட்டும்தான், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். கடைசி ஆட்டம் அவர்களோடுதான், நம்ம ஊரில். டிரா செய்தால்கூடப் பிழைத்தோம். தோற்றால் கிளப்பே இல்லை.

காலையில் பஸ் கிளம்பியது. ஆம்பூர் தாண்டியதும் மாறன் எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அது கோச்சிடம் பேசப் போகிறவன் முகம் இல்லை. அது ஜனவரியில் நான் கை காட்டியபோது எழுந்து போன முகம். இரண்டு கோலும் தன்னால் என்று நினைத்துக்கொண்டு போகிறான். பந்து வந்த இடத்தில் அவன் இருந்தான். நான்தான் இல்லை.

“உக்காருடா” என்றேன்.

“இல்லண்ணா, நான் போய்...”

“உக்காருன்றேன்ல.”

கடைசி வரிசையிலிருந்து முன்வரிசை அவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வலது கையால்தான். பேச்செல்லாம் நின்றுபோயிற்று. தோசைக்கல்லில் உட்கார்ந்தேன். சூடுதான். இதில் எத்தனை பேரை ஊர் வந்து சேரும்வரை உட்காரவைத்திருக்கிறேன்!

கோச் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், எடது தோள்பட்டை. ஆகஸ்ட்ல பிராக்டீஸ்ல விழுந்தது. கை காதுக்கு மேல போவ மாட்டேங்குது.”

இந்த டைரியில்கூட நான் அதை எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயம். சொல்லி முடித்ததும் தூக்கிக் காட்டினேன். காது வரை வந்தது, அப்புறம் நடுங்கியது.

“தெரியும்” என்றார்.

“எப்ப இருந்து?”

“மொதல் நாளு. தலைக்கு மேல வாற பந்த எந்தக் கீப்பரும் ஒத்தக் கையால பிடிக்க மாட்டான். ரெண்டாவது கை எங்கலே போச்சுன்னு பாத்தேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்ப ஏன் சார் எறக்குனீங்க? மொதல்லயே பெஞ்சுல உக்கார வெச்சிருக்கலாமே? நேத்து நான் அசிங்கப்பட்டேன். மாறன் அசிங்கப்பட்டான்.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஒன்ன நானா பிடிச்சு வெளிய வச்சா, பயலுவ என்ன படிப்பானுவ? குணா மாட்டிக்கிட்டான், நாம இன்னும் நல்லா மறைக்கணும்னு படிப்பானுவ. இந்த டீம்ல எவனும் வாயத் தொறந்து வலிக்குன்னு சொன்னது கெடையாது. கேப்டன் சொன்னா எல்லாவனும் சொல்லுவான். அதுக்காவ காத்து இருந்தேன்.” கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். “ஆனா நான் காத்து இருந்தது கூடிப்போச்சு. திருச்சி முடிஞ்ச ஒடனே கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். நேத்து விழுந்த ரெண்டும் எனக்க கணக்கு. மாறனுக்கதும் இல்ல, ஒனக்கதும் இல்ல.”

கோச் ஒருவர் தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

“இம்தியாஸ் சொல்லிட்டானா?”

“அவன் சொன்னது இவ்வளவுதான். ‘எனக்கு ஒண்ணு தெரியும் சார். அது அடுத்தவன் விஷயம், அதனால சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் வரல.’ நான் போட்டுல போனவன் குணா. கை முறிஞ்சத சொல்லாம கயிறு பிடிக்க நின்னா, கயிறு கைய விட்டுப் போவும்போது பின்னால நிக்கவனையும் இழுத்துட்டுப் போவும். அந்தப் பய ஒனக்குப் பின்னால நிக்கான்.”

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காசிம் பாய் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்தார். என் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“அது எனக்க கையில இல்ல. பொய் சொல்ல மாட்டேன்.”

சரி என்றேன். ராணிப்பேட்டை வந்தும் எழுந்திருக்கவில்லை. சூடு பழகிவிட்டது.

மார்ச் 5, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. தோள்பட்டையில் தசைநார் கிழிந்திருக்கிறதாம். இதோடு ஆடினீர்களா என்று டாக்டர் கேட்டார். ஆடியதாகச் சொல்ல முடியாது என்றேன். ஆபரேஷன், அப்புறம் ஆறு மாத ஓய்வு.

மேகலா வெளியே வந்ததும் ஆட்டோ பிடிக்காமல் நின்றாள். “தைலத்துக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக்கூடாதா?” என்றாள். அவ்வளவுதான் திட்டினாள். இன்னும் கொஞ்சம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் வட்டத்தில் எல்லோருக்கும் நானே சொன்னேன். தோள் போச்சு, ஞாயிறு இம்தியாஸ் நிற்பான், கோல் விழுந்ததற்கெல்லாம் உங்களைக் கை காட்டியது அநியாயம், மாறா மன்னிச்சுக்கோ. மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதில் பாதி மறந்துவிட்டது. அப்புறம் லால் மெதுவாகக் கையைத் தூக்கி, தன் கால் கட்டைவிரலைக் காட்டி, “வலி” என்றான். அவன் பேசிய முதல் தமிழ் வார்த்தை. அதற்கடுத்து ஒருவன் இடுப்பு என்றான், ஒருவன் முட்டி என்றான், ஒருவன் ஒரு மாதமாகப் பல்வலி என்றான்.

“அடப்பாவிங்களா, இது டீமா ஆஸ்பத்திரியா?” என்றேன். கோச் விழுந்து விழுந்து சிரித்தார். பிசியோ மட்டும் சிரிக்கவில்லை, பாவம், அவருக்குத்தான் வேலை.

மார்ச் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் பட்டையைக் கழற்றி மாறன் கையில் கட்டினேன். “நானாண்ணா?” என்றான். “உன்னத்தான் ரொம்ப நாளா கை காட்டினு இருக்கேன். இப்பவாச்சும் ஒழுங்கா காட்டுறேன்” என்றேன். உடை மாற்றும் அறையே கொல்லென்று சிரித்தது.

முதல் பாதியில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து. இம்தியாஸ் குனிந்தான், பந்து கைக்குள் வந்து காலுக்கிடையில் நழுவி உள்ளே போய்விட்டது. பாப்பாகூடப் பிடித்திருப்பாள். 0-1. மங்களூர்க்காரர்கள் சந்தோஷத்தில் ஒருவர்மேல் ஒருவர் குவிந்து கிடந்தார்கள். கூட்டம் அவன் பெயரைச் சொல்லித் திட்டியது.

அவன் பந்தைப் பார்க்கவில்லை. திரும்பி பெஞ்சைப் பார்த்தான், என்னைத்தான். மைதானத்தில் நின்ற மற்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். ‘ஏன்டா விட்ட’ என்பது என் தொண்டைக்குள் ரெடியாக இருந்தது. பதினெட்டு வருடப் பழக்கம், எங்கே போகும்? கோடு வரைக்கும் ஓடினேன்.

“இம்தி! அடுத்து மாறனுக்குப் போடு! மாறன் ஃப்ரீயா கீறான்!”

வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்தான். அடுத்த முறை கைக்கு வந்ததும் மாறனுக்குத்தான் போட்டான். அதற்கடுத்த முறையும். மெல்ல மெல்ல அவன் தோள் நிமிர்ந்தது.

இரண்டாம் பாதியில் மாறன் இடது ஓரமாகவே ஓடி ஒரு கிராஸ் போட்டான். கட்டைவிரலில் கட்டுப்போட்ட காலால் லால் உதைத்தான். 1-1! காசிம் பாய் பார்க்கிங்கில் ஹாரனை அடித்த அடியில் ரெஃபரீ திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் அவர்களுக்கு ஒரு ஃப்ரீ கிக். எனக்குப் பார்க்காமலே தெரியும், எங்கே வரும் என்று. இடது மேல் மூலை. என் இடது கை தானாக மேலே கிளம்பி, காதருகே வந்து நின்றது. அதே நேரம் இம்தியாஸ் பறந்தான். விரல் நுனியில் தட்டி மேலே தள்ளிவிட்டான். என் கை போகாத உயரத்துக்கு அவன் கை போனது. பொறாமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பொறாமையோடுதான் குதித்தேன், கோச்சைக் கட்டிப்பிடித்தேன், ஒரே கையால்.

பிழைத்துவிட்டோம். கலங்கரை எஃப்.சி. அடுத்த வருடமும் இந்த லீக்கில்தான்.

பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, இம்தியாஸ் மட்டும் நேராக தோசைக்கல்லில் போய் உட்கார்ந்தான். “நான் விட்ட கோலு சார்” என்று ஆரம்பித்தான். கோச் வாயைத் திறப்பதற்குள் நான் போய் அவன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாறன் வந்து என் மடியில் உட்கார்ந்தான். லால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் மொத்த டீமும் முன்னால் வந்துவிட்டது.

“வண்டி ஓட்டணுமா, வேணாமாடா?” என்று காசிம் பாய் கத்தினார். “எறங்குங்கடா எல்லாம்! கியர் போட எடம் இல்ல!”

யாரும் இறங்கவில்லை. இடம் இல்லாமல் கோச் பின்னால் போய், கடைசி வரிசையில் என் சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். விடுதி வந்து எழுப்பித்தான் இறக்கினோம்.

மார்ச் 15, சனி

ஆபரேஷன் வரும் புதன்கிழமை. கிளப்பிலிருந்து ஒப்பந்தம் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. வருமா என்று தெரியாது. பயம் இருக்கிறது, ஆனால் ஆகஸ்டிலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் இந்த வாரம் தூங்கினேன்.

மாலையில் பூங்காவுக்குப் போனோம். பாப்பா பழையபடி அடம். கீழே உட்கார்ந்து, ஏறிக்கோ என்றேன். இடது தோளில் காலை வைக்கப் போனாள்.

“அந்தப் பக்கம் வேணாம்டா. அங்க அப்பாக்கு வலிக்குது.”

“எங்கப்பா?”

காட்டினேன். அவள் குனிந்து அந்த இடத்தை ஊதிவிட்டு, வலது தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.